சந்தேகம் தொடாத முகம்: பண்டரிபாயும் ‘அந்த நாள்’ படமும்

1940களில் ஹாலிவுட்டில் வெளிவந்த இருண்ட குற்றப் படங்களை, 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் ‘பிலிம் நுவார்’, அதாவது கருப்புப் படம், என்று அழைத்தனர். அழகால் ஆணை மயக்கிக் கொலைவரை இழுத்துச்செல்லும் நாயகி அவ்வகைப் படங்களின் முத்திரையாகவே ஆகிவிட்டாள். ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஏற்ற வேடம் அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழில் இவ்வகையின் முன்னோடியான ‘அந்த நாள்’ அந்த நாயகியை அப்படியே கடன் வாங்காமல் தலைகீழாக்கியது.

வீணை வித்வானான எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954 ஏப்ரலில் வெளிவந்த அப்படம், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர் நாளைக் களமாகக் கொண்டது. மலிவான வானொலிப் பெட்டி செய்யும் தன் திட்டத்தை அரசு ஏற்காத கசப்பில் எதிரிக்கு உளவு சொல்லத் துணியும் பொறியாளர் ராஜனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். அவன் சுட்டுக் கொல்லப்பட்டபின், அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்லும் கதைகளின் வழியே துப்பறிவாளர் முன்னேறுகிறார். பாட்டே இல்லாத தமிழ்ப்படம் அன்று கேள்விப்படாத ஒன்று. பாட்டுக்காகவே கொட்டகைக்கு வந்த பார்வையாளர்கள் அதை ஏற்காததில் வியப்பில்லை.

விசாரணையின் முடிவு ராஜனின் மனைவி உஷாவிடம் வந்து நிற்கிறது. கணவனைவிட நாட்டைப் பெரிதாகக் கருதும் அவ்வேடத்துக்குப் பண்டரிபாயைத் தேர்ந்ததுதான் படத்தின் மிகக் கூர்மையான உத்தி எனலாம். கர்நாடகத்தின் பட்கலில் 1928இல் பிறந்து, புராண நாடகங்களில் தேர்ந்து, 1943இல் கன்னட ‘வாணி’ வழியே திரைக்கு வந்த அவர், ‘பராசக்தி’யில் (1952) நாயகனுக்கு நல்வழி காட்டும் விமலாவாக அறியப்பட்டிருந்தார், ‘அந்த நாள்’ வெளியான அதே 1954இல் ‘பேடர கண்ணப்பா’வில் ராஜ்குமாருக்கு இணையாகப் பக்திக் கதையில் நடித்தார். குனிந்த பார்வையும் இழுத்துப் போர்த்திய முந்தானையும் கொண்ட அம்முகத்தைப் பார்வையாளர் சந்தேகிக்கமாட்டார் என்பதைப் பாலசந்தர் நன்கு கணித்திருந்தார். ஸ்டான்விக்கின் கவர்ச்சி செய்த வேலையை இங்கே குடும்பப் பாங்கு செய்தது.

அந்தப் பாங்கே பின்னர் அவரைத் தாய் வேடங்களுக்குள் அடைத்தது. தமிழ்த் திரையின் சிக்கனமற்ற வீணடிப்புகளில் இதுவும் ஒன்று. எம்.ஜி.ஆருக்கு ‘குடியிருந்த கோயில்’ (1968), ‘அடிமைப்பெண்’ (1969) ஆகிய படங்களில் தாயானவர் பண்டரிபாய். அவருக்கு நாயகனைவிடப் பதினொரு வயது குறைவு என்பதைத் தயாரிப்பாளர்களோ ரசிகர்களோ பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1992இல் ‘மன்னன்’ படத்தில் ரஜினிகாந்துக்குத் தாயாக நடித்த அவர், 2003 ஜனவரியில் சென்னையில் காலமானார்.