கோபுரங்களும் யாத்திரை வழியும்

கி.பி. 990 இல் கன்ரர்பரிப் பேராயர் சிகெரிக், பாப்பரசரிடம் 'பாலியம்' என்னும் கம்பளித் தோள்வாரைப் பெற உரோமாபுரி சென்றார். மீளும் வழியில் தங்கிய 79 இடங்களின் பெயர்களே குறிப்பாய் எஞ்சியுள்ளன. பட்ட இன்னல் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அப்பட்டியலில் தஸ்கனிக் குன்றின்மேலுள்ள சான் ஜிமிஞானோவும் ஒன்று. யாத்திரிகர் வரவும் குங்குமப்பூ வணிகமும் அவ்வூரை வளர்த்தன. செல்வக் குடியினர் போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்கள் 72 என்பர். 1348 இன் கொள்ளைநோய் ஊரைச் சிதைத்தது; 1353 இல் அது புளோரன்சுக்கு அடிபணிந்தது. எஞ்சிய 14 கோபுரங்களை, 1994 இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டுப் பாதையென ஏற்ற இவ்வழியில் நடப்போர் இன்று வியக்கின்றனர். இடித்துப் புதிதாய்க் கட்ட வகையற்ற வறுமையே அவற்றைக் காத்தது என்பது எமது துணிபு. அவர்கள் தெற்கே அடுத்துக் காணும் மொன்ரெரிஜியோனியின் மதிலோ, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சியேனா நகரத்தார் புளோரன்சுக்கு எதிராக எழுப்பியது, சிகெரிக் கண்டிராதது.