ஹெரால்டுதான் நம்ம ஊர் ஹாட் ராட்

பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு 1932 ஃபோர்டு ஹாட் ராட் மாடல் கட்டுவதில் தப்பேதும் இல்லை. அழகான வண்டி. பெட்டியைப் பிரித்து ஒட்டினால் ரெண்டு வாரத்தில் மேஜைமேல் நிற்கும். என் குறை வேற. இதே பெரம்பூரிலிருந்து மாதவரம், புழல், செங்குன்றம்னு ஜி.என்.டி. ரோட்டைப் பிடிச்சுப் போனா இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் சோழவரம். அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் நம்ம ஊர் ஹாட் ராடுகள் ஓடியிருக்கின்றன. அதில் ஒன்றுக்குக்கூட மாடல் பெட்டி கடையில் கிடையாது. வேணும்னா நாமதான் வெட்டி ஒட்டணும்.

ஹாட் ராட்னா என்னன்னு கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாடி போகலாம். 1930-களில் கலிஃபோர்னியாவில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு காரை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி வீசினார்கள், கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள், எஞ்சினைக் குடைந்து வேகம் ஏற்றினார்கள். வறண்டு கிடந்த ஏரிப் படுகையில் நேர்கோட்டில் விரட்டிப் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த 1937-லேயே அங்கே ஒரு சங்கம் வந்துவிட்டது. 1932-ல் வந்த ஃபோர்டுதான் இவர்களுக்குக் குலதெய்வம். அந்த வருஷம்தான் ஃபோர்டு, சாமானியன் வாங்கும் விலையில் வி8 எஞ்சின் கொடுத்தது. 'டியூஸ்' என்று செல்லப் பெயர்.

போர் முடிந்ததும் காட்சி மாறியது. ராணுவம் விட்டுப்போன விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. பட்டாளத்தில் மெக்கானிக் வேலை கற்றுத் திரும்பிய பையன்களும் சும்மா இருந்தார்கள். ரெண்டையும் சேர்த்தா பந்தயம். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. 1950-ல் சாண்டா ஆனாவில் ஒரு விமான நிலையத்திலேயே முறையான டிராக் ரேஸ் ஆரம்பித்தது. ஓடுதளத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

மாடல் கதை அங்கிருந்து கிளை பிரிகிறது. டெட்ராய்ட் பக்கத்தில் ஏஎம்டி என்ற கம்பெனி, கார் டீலர்கள் கொடுக்கும் சின்னச் சின்ன விளம்பர மாடல்களைச் செய்துகொண்டிருந்தது. 1958-ல் அதே அச்சுகளை வைத்து, பிரித்த நிலையில் 'மூன்றில் ஒன்று' பெட்டி போட்டது. கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே கட்டலாம், அலங்காரமாய்க் கட்டலாம், பந்தயக் காராய்க் கட்டலாம். ஒன்றைக் கட்டியதுபோக மற்ற ரெண்டுக்கான உதிரி மிஞ்சும். மாடல் கட்டும் எல்லோரிடமும் ஒரு உதிரி டப்பா இருக்குமே, அந்தப் பழக்கத்தின் பெரும்பங்கு புண்ணியம் இந்தப் பெட்டிக்குத்தான். ஒரு பெட்டியின் எஞ்சின், இன்னொன்றின் சக்கரம், மூன்றாவதன் பம்பர். நிஜ ஹாட் ராட்காரன் காயலான் கடையில் செய்ததை 1:25 அளவில் பத்து வயசுப் பையன் சாப்பாட்டு மேஜையில் செய்தான்.

அப்புறம் எட் ராத் என்கிற மனுஷன். அச்சு எடுத்து ஃபைபர்கிளாஸில் தானே காருக்கு உடம்பு வார்த்தவர். அவருடைய 'அவுட்லா', தலையில் கண்ணாடிக் குமிழி கவிழ்த்த 'பீட்னிக் பேண்டிட்' எல்லாவற்றையும் 1960-களின் தொடக்கத்தில் ரெவெல் கம்பெனி மாடல் பெட்டியாகப் போட்டது. 1968-ல் ஹாட் வீல்ஸ் முதன்முதலில் விட்ட 16 கார்களில் பீட்னிக் பேண்டிட்டும் ஒன்று. ஒருத்தர் வீட்டுக் கொட்டகையில் பிறந்த கார் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில். பெட்டி போட ஆள் இருந்தா கார் சாகாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சோழவரத்திலும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம்தான். T எழுத்து மாதிரி. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது, அந்தப் பத்தாண்டிலேயே சோழவரத்தில் கார், பைக் பந்தயம் சூடு பிடித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் நடந்த அதே கணக்கு. போர் விட்டுப்போன சிமெண்டுத் தரை, கை துறுதுறுக்கிற ஆட்கள். ஒரு வித்தியாசம், அங்கே பழைய ஃபோர்டு குப்பை மாதிரி கிடைத்தது. இங்கே காரே கிடைக்காது. புதுக் காருக்குப் பேர் பதிவு பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த லைசென்ஸ் ராஜ்யம். பந்தயக் கார் இறக்குமதி என்பது ராஜா வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம். பின்னாளில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார், அது வேற உலகம். மற்றவர்கள் கையில் இருந்ததை வைத்துக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதற்கு 'ஸ்பெஷல்' என்று பெயர்.

கையில் என்ன இருந்தது? அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அவ்வளவுதான்.

ஹெரால்டு ஏன் ஜெயித்தது என்பதைப் பெரம்பூர்க்காரனுக்கு விளக்குவது சுலபம். நம்ம ஐ.சி.எஃப். பேரிலேயே விடை இருக்கு. 'இன்டெக்ரல்' பெட்டி என்றால் அடிச்சட்டமும் உடம்பும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு, எடையைக் கூடு முழுக்கத் தாங்கும். 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்துவைத்த அந்தத் தொழிற்சாலை சுவிஸ் நுட்பத்தில் செய்ய வந்தது அதைத்தான். அம்பாசடரும் ஃபியட்டும் அதே ஜாதி. கூரையை அறுத்தா காரே தொய்ஞ்சு போகும். ஹெரால்டு அப்படியில்லை. தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய உடம்பு. உடம்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வெறும் சேஸிஸையே ஓட்டலாம். பழைய ஃபோர்டும் இப்படித்தான். டியூஸுக்கு நம்ம ஊர் பங்காளி யாருன்னு கேட்டா நான் ஹெரால்டைத்தான் காட்டுவேன்.

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வண்டலூர்ப் பக்கம் இதைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். பானெட் முழுக்க முன்பக்கமாய்ச் சாயும், திறந்தா எஞ்சின், முன்சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் வெட்டவெளிச்சம். முன்சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அந்த முன்பக்க உதிரிகளை இங்கிலாந்தில் லோட்டஸ் மாதிரி கம்பெனிகளே வாங்கித் தங்கள் கார்களில் போட்டுக்கொண்டன. அதாவது மயிலாப்பூர் டாக்டர் ஓட்டின குடும்பக் காருக்குள்ளே பாதி ரேஸ் கார் ஒளிந்திருந்தது :-) பின்சக்கரம்தான் வில்லங்கம். வேகமாய்த் திருப்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும் குணம் உண்டு.

வடசென்னைக்காரனாய் இன்னொன்றும் சொல்லியாகணும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். லேலண்டு பேர் சேர்ந்தது 1955-ல்தான். அதே ஏ40-க்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்து அமெரிக்க டிராக் ரேஸ்காரர்கள் 1960-களில் ஆட்டம் போட்டார்கள், குட்டையான லேசான வண்டி என்பதால். எண்ணூர்க் காரும் அமெரிக்க ஹாட் ராடும் ஒரே அச்சு. திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்து ஆரம்பித்த எம்ஆர்எஃப், 1961-ல் டயர் கம்பெனியாகி, பிறகு பந்தயத்துக்குள்ளும் வந்தது. 1987-ல் ஃபன்ஸ்கூல் மூலமாகத் திரும்பவும் பொம்மைக்கே வந்து சேர்ந்தது. வட்டம் பூர்த்தி.

ஸ்பெஷல் கட்டியவர்களில் கடைசிப் பெரிய பேர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து, குழாய்ச் சட்டத்தில் ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதியை 1980-களின் இறுதியில் கொண்டுவந்தார். ஒவ்வொருத்தரும் தனித்தனியாக் கட்டிக்கொண்டிருந்ததை ஒரே மாதிரி, கட்டுப்படியாகும் விலையில் பலருக்குச் செய்து கொடுத்தார். நரேன் கார்த்திகேயன் தலைமுறை ஏறிய படி அது. 1995-ல் சின்ன விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். கோவையில் அவர் பேரில் டிராக் இருக்கிறது. ஆனால் அவருடைய கார் வந்ததோடு வீட்டுப் பட்டறை ஸ்பெஷலின் காலமும் முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த டிராக் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. சோழவரம் அமைதியாயிடுச்சு.

ஸ்பெஷல்கள் எங்கே போயின? ஸ்பெஷலின் தலையெழுத்தே அதுதான், போன வருஷ வண்டியின் கியர்பாக்ஸ் இந்த வருஷ வண்டிக்கு. இரும்பு தட்டுப்பாடான ஊரில் யாரும் நினைவுச் சின்னம் வைக்க மாட்டார்கள்.

பொம்மையாகவாவது மிஞ்சியிருக்கலாம். அதுவும் நடக்கவில்லை. இங்கிலாந்தின் டிங்கி கம்பெனி தேய்ந்த அச்சுகளைக் கல்கத்தாவுக்கு விற்க, அது 'நிக்கி' என்ற பேரில் வந்தது. 1980-களில் லியோ மேட்டல் ஹாட் வீல்ஸ் வந்தது. எல்லாம் வெளியூர் கார்கள். ஒட்டிக் கட்டும் பெட்டி வேணும்னா பர்மா பஜாரில் அதிர்ஷ்டம் இருக்கணும். 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகுதான் கதவு ஒழுங்காய்த் திறந்தது. இத்தனைக்கும் கைவேலைக்குப் பஞ்சமே இல்லாத ஊர். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் 1856-லிருந்து இருக்கிறது. ஒரு இரும்புக் கட்டையை அரத்தால் ராவி நாலு பக்கமும் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் ஃபிட்டர் படிப்பின் முதல் பாடம். அந்தக் கைக்கு மாடல் கட்டுவது கஷ்டமா? பிளாஸ்டிக் பெட்டிதான் இல்லை.

இப்போ ஒரு ஹெரால்டு ஸ்பெஷல் 1:24-ல் கட்டப் பார்ப்போம். ஏர்ஃபிக்ஸ் ஒரு காலத்தில் 1:32-ல் ஹெரால்டு பெட்டி போட்டது, கிடைத்தாலும் சின்னது. அளவை மட்டும் எடுத்துக்கலாம். நிஜக் காரில் முன் பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம், அதாவது 2324 மி.மீ. 24-ஆல் வகுத்தா 97 மி.மீ. இடது வலது சக்கர இடைவெளி 51 மி.மீ. சேஸிஸுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு அருமையான சரக்கு, 0.76 மி.மீ. கனம், சீராய் வெட்ட வரும். மாடல் பசை இதில் பிடிக்காது, ஃபெவிக்விக்தான். உருளும்போது ஆளைக் காக்கும் வளைவுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. 2 மி.மீ. கம்பி 24 மடங்கில் 48, ஏறக்குறைய ரெண்டு அங்குலக் குழாய். கனகச்சிதம்.

உடம்புக்குக் கூல்டிரிங்ஸ் டின் தகடு. சுமார் 0.1 மி.மீ. அதுவே நிஜ அளவில் ரெண்டரை மி.மீ. ஆகிவிடும், அலுமினியத் தகட்டில் தட்டின நிஜ உடம்பை விடத் தடிமன். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மெலிசாக்கணும். மாடலைப் பொம்மையிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஓரம்தான். பளபள பெயிண்ட் யார் வேணும்னாலும் அடிக்கலாம். ஸ்பார்க் பிளக் ஒயர் நிஜத்தில் 7 மி.மீ., நமக்கு 0.3. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டா மிச்சக் கம்பியைச் சும்மாவே தருவாங்க. நாலு சிலிண்டருக்கு நாலு, நடுவில் ஒன்று. அமெரிக்க வி8 கட்டுபவனுக்கு எட்டு, நமக்கு உழைப்பு பாதி. பொம்மைக் கார் பிளாஸ்டிக் எதையாவது சேர்த்திருந்தால் அதன்மேல் பட்டறை தின்னர் பட விடாதீங்க, இளகிடும். முதலில் பிரைமர், அதுவும் லேசாய் ரெண்டு மூணு தரம்.

குரோம் வேண்டாம். ஹாட் ராட் என்றதும் கை தானாகக் குரோம் பக்கம் போகும். சோழவரத்துக்கு வந்தவர்கள் காசை எஞ்சினில் போட்டார்கள். வெள்ளை வட்டம், அதற்குள் கையால் எழுதிய நம்பர், போதும்.

வடிவத்துக்கு மட்டும் போட்டோ வேணும், அது வீடுகளில்தான் இருக்கு. தாத்தா, மாமா யாராவது சோழவரம் போனவர்களா? ஆல்பத்தில் அவர்களுக்குப் பின்னாடி நிற்கிற காரைப் பாருங்க. சுத்தமான பக்கவாட்டுக் கோணமா இருந்தா ஒரே படம் போதும். ஹெரால்டு ரிம் 13 அங்குலம், படத்தில் சக்கரத்தை அளந்தா மற்ற எல்லா அளவும் அதிலிருந்து வந்துவிடும். ஸ்கேன் பண்ணும்போது மனுஷங்களை மட்டும் வெட்டி எடுத்து வண்டியை விட்டுடாதீங்க.