சொக்கெற் 7

2000ஆம் ஆண்டு தை மாதம். ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் வீட்டில், என் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரவர் ஒருவரின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். பாமினியில் தட்டிய பக்கங்களால் கரைச்சல் இல்லை. அவருடைய பழைய படங்களைத் திருத்தத் தொடங்கினால்தான் 166 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் எம்எம்எக்ஸ் படுத்துவிடும். புதுக் கணினி வாங்கக் கையில் காசில்லை.

கணினி பொருத்தித் தரும் அண்ணை ஒருவர் 400 மெகாஹேர்ட்ஸ் சிப் ஒன்றைத் தந்தார். ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே6-2.

"உம்மடை போர்ட்டிலை ஆறு மடங்கு எண்டு ஜம்பர் இல்லை. இரண்டு மடங்கிலை போடும், இந்தச் சிப் அதை ஆறு எண்டு எடுக்கும். வோல்டேஜை மட்டும் மறந்திடாதையும்."

போர்ட்டின் வேகம் 66. அதன் ஆறு மடங்கு கிட்டத்தட்ட 400. பழைய போர்ட்டுகளை வைத்திருப்பவர்களை நினைத்தே ஏ.எம்.டி. அப்படி அமைத்திருக்கவேண்டும். எம்எம்எக்ஸுக்கு 2.8 வோல்ட், இதற்கு 2.2. மாற்றாமல் விட்டால் சிப் கருகும்.

இன்ரெலின் குழியில் வேறொரு நிறுவனத்தின் சிப் எப்படிப் பொருந்தியது? அந்தக் கதையில் வினோத் தாம் வருகிறார். டெல்லியில் பொறியியல் படித்து 1975இல் அமெரிக்கா போனவர், இன்ரெலில் பென்ரியம் திட்டத்தை நடத்தியவர். 1995இல் அவர் நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்கு மாறினார். நெக்ஸ்ஜென்னின் சிப் பென்ரியம் போர்ட்டில் ஏறாது, தனக்கென்று தனிப் போர்ட் கேட்கும். 1996இல் ஏ.எம்.டி. அந்த நிறுவனத்தை வாங்கியது. அவர்கள் வரைந்துகொண்டிருந்த அடுத்த சிப்பைச் சொக்கெற் 7க்குப் பொருந்துமாறு மாற்றி, 1997 சித்திரையில் கே6 என்று வெளியிட்டார்கள். பென்ரியத்தை வளர்த்தவரே பென்ரியத்தின் குழிக்குப் போட்டியாளனைக் கொண்டுவந்தார்.

அடுத்த மாதமே இன்ரெல் பென்ரியம் 2ஐ இறக்கியது. அது குழியில் வைப்பதல்ல, நெட்டாகச் செருகும் பெட்டி. இடைநினைவகத்தையும் அதே பெட்டிக்குள் வைக்கலாம் என்பது நியாயமான காரணந்தான். ஆனால் அந்தச் செருகியைப் பயன்படுத்த ஏ.எம்.டி.க்கு உரிமம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். இன்ரெல் விட்டுப்போன சொக்கெற் 7ஐ ஏ.எம்.டி.யும் சைரிக்ஸும் விடாமல் பிடித்துக்கொண்டன. அதனால்தான் என்னைப்போன்றவர்களின் பெட்டிகள் இன்னும் சில வருடம் உயிரோடிருந்தன.

நெம்பை உயர்த்தினேன். பழைய சிப் தானாகவே கையோடு வந்தது. ஜம்பர்களை மூன்றுதரம் சரிபார்த்தபின் மின்சாரத்தைப் போட்டேன். திரையில் வேறேதோ பெயர் வந்தது. இந்தச் சிப் பிறக்குமுன் எழுதிய பயோஸ், அதற்கென்ன தெரியும்! ஸ்கானர் பழையபடி ஊர்ந்தது. ஆனால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடியும்வரை காத்திருந்த வேலைகள், கேத்தில் கொதிக்குமுன் முடிந்தன.

கல்வெட்டு இரண்டு நாள் முந்தியே அச்சுக்குப் போனது. கழற்றிய 166ஐ அண்ணை திருப்பி வாங்கிக்கொண்டார். யாரோ ஒருவருடைய 133ஐ எடுத்துவிட்டு அதைப் போடலாமாம்.