பிரான்ஸில் இருந்து சொசிஸோன் கொண்டு வரலாமா? ஊருக்கு வரும் முன் தெரிஞ்சுக்கோங்க!

புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்போது 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தனர். அதனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு லீவில் வரும் சொந்தங்களின் பெட்டியில் பிரெஞ்சு தின்பண்டங்களும் வருவது வழக்கம்.

சொசிஸோன்னா என்ன?

பன்றி இறைச்சியை அரைத்து, உப்பு சேர்த்து, குடலில் அடைத்து, வாரக்கணக்கில் காற்றில் உலர்த்துவதுதான் சொசிஸோன். அடுப்பில் வைப்பதே இல்லை.

ஏர்போர்ட்டில் என்ன நடக்கும்?

இறைச்சி, மீன், பால் பொருட்கள் இருக்கிறதா என்று சுங்கப் படிவத்திலேயே கேட்பாங்க. இருந்தால், மறைக்காமல் சிவப்பு வழியில் போய்ச் சொல்லணும். இறைச்சிப் பொருட்களை இறக்குமதி செய்ய, முன்கூட்டியே சுகாதார இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் பறிமுதல் ஆகலாம். காற்று நீக்கிய பாக்கெட்டில் இருந்தாலும் இதே விதிதான்.

வீட்டிலேயே செய்யலாமா?

வேண்டாம். கருவாடு மாதிரி வெயிலில் காயவைக்கும் பொருள் இல்லை இது. சுமார் 12 முதல் 15 டிகிரி குளிரும், அளவான ஈரப்பதமும் தேவை. நம்ம ஊர் வெக்கையில் கெட்டுப்போகும். பதப்படுத்தும் உப்பின் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம்.

அப்போ என்ன வழி?

சீஸ் ஆரோவில்லிலேயே தயாராகிறது. பகெத் ரொட்டி புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும். பிரான்ஸில் இருந்துதான் வேணும்னா, இறைச்சியும் பாலும் சேராத டிஜோன் கடுகு விழுது கொண்டு வரச் சொல்லலாம்.