பந்தியும் வினாவும்: ஓர் ஆங்கிலப் பரீட்சையின் வரலாறு

‘கும்பலிகள் மாலையிலே திரிசிகளைத் தளுப்பின. மழை வந்தமையால் அவை நொச்சலுக்குத் திரும்பின.’

இவ்விரு வாக்கியங்களையும் ஒரு பந்தியெனக் கொள்வோம். கும்பலிகள் மாலையில் எவற்றைத் தளுப்பின? திரிசிகளை. அவை ஏன் நொச்சலுக்குத் திரும்பின? மழை வந்தமையால். வினாக்கள் இரண்டு; சரியான விடைகள் இரண்டு; முழுப் புள்ளிகள். ஆனால் கும்பலி என்பது பறவையா, விலங்கா? திரிசி என்பது உண்பதா, உடுப்பதா? விடை எழுதியவருக்கும் தெரியாது. வினாத் தொடுத்தவருக்கும் தெரியாது. ஏனெனில் அவை யாவும் இக்கட்டுரைக்கெனப் புனையப்பட்ட சொற்கள். எதையுமே விளங்கிக்கொள்ளாமல் எல்லா வினாக்களுக்கும் விடை எழுதிவிட முடியும் என்பதைக் காட்டவே அவற்றைப் புனைந்தோம்.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரம் போன்ற ஊர்களிலே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில், சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை வைத்துக்கொண்டு மாணவர் செய்யும் ஆங்கிலக் ‘கிரகித்தல்’ பயிற்சியிற் பெரும்பகுதி இத்தகையதே. வினாவில் வரும் சொல்லைப் பந்தியிலே தேடு. அது காணப்படும் வாக்கியத்தின் கீழே கோடிடு. கோடிட்டதை அப்படியே பெயர்த்தெழுது. இதுவே சூத்திரம். தனியார் வகுப்புகளில் இச்சூத்திரம் காசுக்கு விற்கப்படுகிறது; பாடசாலைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. இதற்காக மாணவரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் இப்பழக்கம் நேற்று முளைத்ததன்று. அதன் வேர் ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆழத்திற் கிடக்கிறது.

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்கள் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலை இலங்கையருக்குத் திறந்தன. ஆனால் அவ்வாயிலின் திறவுகோலாக ஆங்கிலத்தை வைத்தன. அன்று தொடங்கி, ஆங்கிலம் அறிவு பெறுவதற்கான மொழி என்பதைவிட, சம்பளம் பெறுவதற்கான மொழி என்பதே மக்கள் மனத்திற் பதிந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், உதவிபெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் முறை இங்கிலாந்திலிருந்து இங்கே இறக்குமதியாயிற்று. பரிசோதகர் வருவார், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறியதா எனப் பார்ப்பார், தேறிய தலைகளை எண்ணிப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். அம்முறை பிறந்த இங்கிலாந்திலேயே, பாடசாலைப் பரிசோதகராய்ப் பணியாற்றிய கவிஞர் மத்தியூ ஆர்னோல்டு அதனைக் கடுமையாகக் கண்டித்தார். பிள்ளைகள் பாடப்புத்தகம் முழுவதையும் மனனம் செய்துகொண்டு, புத்தகத்தைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்து ஒப்புவித்தார்கள். வாசிப்புத் தேறியது; வாசகன் தேறவில்லை.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளும், 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் இலங்கைக்கு வந்தன. வினாத்தாள் அங்கிருந்து கப்பலேறி வரும். விடைத்தாள் இங்கிருந்து கப்பலேறிச் செல்லும். கடல் கடந்து வந்த அத்தாளிலே எந்த நாட்டு வாழ்வு பேசப்பட்டிருக்கும், எந்த நாட்டுப் பிள்ளையின் அனுபவம் அளவுகோலாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திருகோணமலைக்கோ இவ்வுண்மை இன்னும் நெருக்கமானது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம், 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேதான் அவர்களது கடற்படையின் பிடியிலிருந்து விடுபட்டது. நூற்றுஅறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரின் மிகப் பெரிய தொழிற்களத்திலே ஆங்கிலம் கட்டளையின் மொழியாக இருந்தது. கட்டளைக்கு வேண்டுவது கீழ்ப்படிதல். ‘ஏன்’ என்ற வினா அன்று. ஆளும் மொழி அவ்வாறு கற்பிக்கப்பட்டதில் வியப்பில்லை.

எனினும், அதே பரீட்சைகளின் வழியே வந்தும் அவற்றுக்கு அடிமையாகாத ஒருவரை இம்மண் அறியும். காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலாநந்த அடிகள், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறியவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. துறவேற்றபின் திருகோணமலை இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கி 1926இல் ‘மதங்க சூளாமணி’யைத் தந்தார். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தம் மொழியிலே நிறுத்துப் பார்த்து, ஒப்பிட்டு, ஏற்பதும் விடுப்பதும் தாமே துணிந்தார். வாசித்து விளங்குதல் என்பதன் நிறைவான பொருள் இதுவே. பரீட்சை அவருக்குப் படிக்கட்டாக இருந்தது, வீடாக இருக்கவில்லை.

அவ்வாறாயின், பந்தி ஒன்றைக் கொடுத்து வினா எழுப்பும் முறை எப்போது தோன்றியது? நாம் எண்ணுவதைவிட அது இளையது. அந்நிய மாணவரின் ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் ஒரு பரீட்சை நடத்தியது. பன்னிரண்டு மணி நேரம் நீண்ட அப்பரீட்சையிலே மொழிபெயர்ப்பு இருந்தது. இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் இருந்தன. சொல்வதெழுதலும் உரத்து வாசித்தலும் உரையாடலும் இருந்தன. வாசித்து விளங்கலுக்கெனத் தனித் தாள் இருக்கவில்லை. தோற்றியவர் மூவர், தேறியவர் ஒருவருமிலர்.

1917இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக், வாசிப்பு என்பது சிந்தனையே என்று வாதித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பிராங்க்ளின் என்னும் ஊரிலே பிள்ளைகள் எப்போது பாடசாலைக்கு வந்தே தீரவேண்டும், எந்நிலைகளில் வராதிருக்கலாம் என்று விதிக்கும் ஒரு சிறு பந்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பந்தி எதைப் பற்றியது என்று கேட்டபோது, சிலர் ‘பிராங்க்ளின்’ என்று மட்டும் எழுதினர். அவர்களுக்குச் சொற்கள் தெரியாமலில்லை. எச்சொல்லுக்கு எவ்வளவு நிறை என்பதை அவர்கள் துணியவில்லை. கண்ணிற் பட்ட பெரிய சொல்லைப் பற்றிக்கொண்டு, விதியையே மாற்றிவிடும் ‘அன்லெஸ்’ போன்ற சிறு சொல்லைக் கைவிட்டனர். நம் மாணவர் சொல்லைத் தேடிக் கோடிடுவதும் இதே பிழையன்றோ? வேறுபாடு ஒன்றுதான்: அங்கே அது பிழையென்று கண்டறியப்பட்டது, இங்கே அது உத்தியென்று கற்பிக்கப்படுகிறது.

இத்துறையில் நமக்கு மிக அண்மையான அத்தியாயம் வங்காளத்தில் எழுதப்பட்டது. டாக்கா ஆசிரிய பயிற்சிக் கல்லூரியின் அதிபராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் எழுப்பிய வினா எளியது, ஆனால் கூரியது. வகுப்பிற் சேரும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகின்றனர். நடுவழியில் நிற்கும் பிள்ளையின் கையில் மிஞ்சுவது யாது? காப்புறுதிப் பத்திரத்தை இடையிற் கைவிடுவோருக்கும் ஒரு தொகை திருப்பித் தரப்படுகிறது அல்லவா? அதுபோல, இடையில் நின்ற கல்விக்கும் ஒரு மீட்சி மதிப்பு வேண்டும் என்றார் அவர். மூன்றாண்டு இலக்கணம் கற்று நின்றவனிடம் எதுவும் மிஞ்சாது. மூன்றாண்டு வாசிக்கப் பழகியவனிடமோ எளிய நூலொன்றை வாசிக்கும் ஆற்றலாவது எஞ்சும். எனவே வாசிப்பை முன்வைத்து, புதிய சொற்களை அள்ளிக் கொட்டாமல் பழகிய சொற்களுக்கிடையே ஒவ்வொன்றாக நட்டு, வாசிப்பு நூல்களை அவர் ஆக்கினார்.

வெஸ்ட் ஏகாதிபத்தியத்தின் கல்விச் சேவையாளர். எவ்வறிவு வங்காளத்துக்கு வேண்டும் என்பதை வங்காளத்தவரே தீர்மானிக்கவில்லை என்ற குறை அவருடைய திட்டத்தில் உண்டு. ஆயினும் இடையில் நிற்கும் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்ற அவருடைய வினாவை நாம் இன்றும் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் இடையில் நிற்பவர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர்.

இலங்கையிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலமைந்த விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 அக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலை ஒருபுறம், கட்டணமற்ற சுயமொழிப் பாடசாலை மறுபுறம் என்றிருந்த இரட்டை உலகம் தகர்க்கப்பட்டது. தாய்மொழியே போதனாமொழியாயிற்று, ஆங்கிலம் எல்லோருக்கும் இரண்டாம் மொழியென வகுக்கப்பட்டது. கொள்கையளவில் இதனினும் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஆங்கிலம் என்று சட்டமியற்றுவது எளிது. எல்லாக் கிராமத்துக்கும் ஆங்கில ஆசிரியரையும் நூல்களையும் அனுப்புவது எளிதன்று. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று; 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. சட்டங்கள் மாறின, ஆங்கிலத்தின் வர்க்கத் தன்மை மாறவில்லை. கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தம்மை வெட்டும் ஆயுதமாக அவர்கள் அதனைக் கண்டனர். தமிழ் மாணவருக்கு அதன் கூர்மை குறைந்ததா?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பந்தி வினாவின் தனிச்சிறப்பு யாதெனில், விடைக்கு வேண்டிய பொருள் வினாத்தாளிலேயே இருக்கிறது. மனனம் செய்யத் தேவையில்லை. வீட்டிலே நூலகம் இருந்தவனும் இல்லாதவனும் அந்த ஒரு பந்தியின்முன் சமமாக அமர்கிறார்கள். அப்படித்தான் தோன்றுகிறது. உண்மை வேறு. பால் நேஷன் என்னும் அறிஞர் ஹூ என்பவருடன் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு கதையின் சொற்களிற் சிலவற்றை எடுத்துவிட்டு நம் ‘கும்பலி’ போன்ற பொருளற்ற சொற்களை அவ்விடத்தில் வைத்து மாணவரை வாசிக்கச் செய்தனர். நூற்றுக்கு எண்பது சொற்கள் மட்டுமே தெரிந்த நிலையில் ஒருவரும் கதையைப் போதிய அளவு விளங்கிக்கொள்ளவில்லை. துணையின்றி விளங்கிக்கொள்ள, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அவர்களது முடிவு. ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாத பிள்ளையின்முன் வினாத்தாளை வைத்து ‘வாசித்து விளங்கு’ என்பது பயிற்சியன்று. அந்நிலையிற் பிள்ளை கோடிட்டுப் பெயர்த்தெழுதுவது சோம்பலும் அன்று. அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி அதுதான்.

வேறு வழி உண்டா? உண்டு, அது நமக்கு உறவான ஒரு தீவிலே நிறுவப்பட்டது. கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்துப் பாடிய பிஜித் தீவிலே, அத்தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் பிஜிப் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கும் கிராமப் பாடசாலைகளில், வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனை நடத்தி 1983இல் அதன் முடிவை வெளியிட்டனர். வகுப்பு ஒன்றுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்து, நாள்தோறும் வாசிக்க நேரம் ஒதுக்கினர். ஓராண்டு முடிவில், வாசித்து விளங்குவதில் அப்பிள்ளைகளின் முன்னேற்றம் வழமையான பாடம் கற்றோரினதைப் போல ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இரண்டாம் ஆண்டிலே பயன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவிற்று. அப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது வினாத்தாட் கட்டு அன்று; புத்தகம்.

வினாவெழுப்பி விளங்கும் முறையோ நமக்கு இரவற் பொருளன்று. கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் சொல்லி, அவற்றோடு வினாவும் விடையும் சேர்த்து உட்பொருளை வெளிப்படுத்துவது காண்டிகையுரை என்கிறது நன்னூல். ஆசிரியர் சொல்லக் கேட்பதாற் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு உசாவுவதால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே புலமை நிறையும் என்றும் பவணந்தியார் கூறுகிறார். நம் வகுப்பறைகள் முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றன.

ஆசிரிய நண்பர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பந்தியைக் கொடுத்தவுடன் வினாவைக் கொடுக்காமல், ‘இது என்ன சொல்கிறது?’ என்று தமிழிலே கேட்போம். தாய்மொழியிற் சிந்திப்பது ஆங்கிலத்துக்குத் துரோகம் அன்று. விளங்காததை விளங்கியதாக நடிப்பதே துரோகம். மாணவரையே வினாக்கள் ஆக்கச் செய்து ஒருவரிடம் ஒருவர் கேட்கச் செய்வோம். ‘எது’, ‘எங்கே’ என்பவற்றோடு நில்லாமல், ‘ஏன்’, ‘யாருக்காக’, ‘சொல்லாமல் விட்டது யாது’ என்றும் கேட்போம். ஆங்கில நூல்கள் உறங்கும் அலுமாரிகளின் பூட்டைத் திறப்போம். நூல்களே இல்லாத பாடசாலைக்கு அவற்றைக் கேட்டுப் போராடுவோம். அது இலவசக் கல்வியில் இன்னும் தரப்படாத ஒரு பங்கு.

இப்பரீட்சையிலே தேறாதவரும் தேறியவரும் நாளை வாழ்க்கை கொடுக்கும் பந்திகளை வாசிக்கவேண்டியிருக்கும். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் இளம்பெண்ணின் முன் ஓர் ஒப்பந்தம் விரிக்கப்படும். தொழிற்சாலைச் சுவரிலே ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். மருந்துப் பெட்டியினுள்ளே ஒரு துண்டுத் தாள் மடிந்து கிடக்கும். அங்கே வினாவை யாரும் அச்சிட்டுக் கொடுக்கமாட்டார்கள்; எச்சொல்லைத் தேடிக் கோடிடுவது என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். சம்பளத்தைப் பற்றிய நீண்ட வாக்கியத்தின் நடுவே ‘அன்லெஸ்’ என்ற அச்சிறு சொல் பதுங்கியிருக்கும். அதனைக் கண்டு, கையொப்பமிடுமுன் ‘இதன் பொருள் என்ன?’ என்று தலைநிமிர்ந்து கேட்கும் ஒரு பெண்ணை உருவாக்கினோமாயின், நம் கிரகித்தல் பாடம் தேறியது.