முந்தி வந்தவரும் நிலம் பெற்றவரும்: கொடைக்கானல் மேல்மலைக் குடியேற்றங்கள்

கொடைக்கானலிலிருந்து மேற்கே போகும் சாலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என மேல்மலை ஊர்கள் வரிசையாக வருகின்றன. பூண்டியின் சரிவுகளில் படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. இந்த ஊர்களின் பழமையைப் பேசும்போது, இங்கே நிலம் வைத்திருப்போரை மண்ணின் மக்கள் என்றும் மற்றவர்களை வந்தேறிகள் என்றும் பிரித்துவிடுகிறோம். இந்தப் பிரிவினைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மேல்மலையில் யார் உள்ளூர்க்காரர் என்பதைத் தீர்மானித்தது வந்த காலம் அன்று; நிலம் கைக்கு வந்ததா இல்லையா என்பதுதான்.

மேல்மலையின் முதன்மை வேளாண்குடிகளான குன்னுவர், மன்னாடியார் என்ற பட்டத்துக்குரியவர்கள். தாங்கள் தாராபுரம், காங்கேயம் பகுதிச் சமவெளியிலிருந்து வந்த வேளாளர் என்பதே அவர்களின் மரபுவழிச் செய்தி. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள் இதைப் பதிவு செய்கின்றன. கீழ்நாட்டில் போரும் குழப்பமும் மிகுந்த காலத்தில், சில நூற்றாண்டுகளுக்கு முன், அவர்கள் மலையேறினார்கள். இன்றைய சொல்லில் அவர்களும் இடம்பெயர்ந்தோரே. காட்டைத் திருத்தி, சரிவை வெட்டிப் படிவயலாக்கி, ஓடைநீரைத் திருப்பிப் பாய்ச்சிய உழைப்பு சிறியதன்று. அந்த உழைப்பு அவர்களுக்கு நிலவுடைமையாகவும் மாறியது.

அவர்கள் வந்தபோது மலை வெறுமையாக இருக்கவில்லை. பளியரும் புலையரும் முன்பே இங்கிருந்தனர். அவர்களுக்கும் முந்திய மனிதர்கள் எழுப்பிய கற்திட்டைகளைச் செண்பகனூர் ஏசு சபைத் துறவி ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ந்து 1928இல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டனர். புலையர் குன்னுவரின் நிலங்களில் அடிமைநிலையில் உழைத்ததை ஆங்கிலேயர் கால மதுரை மாவட்ட நூல்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. பளியர் தேனும் கிழங்கும் தேடிக் காட்டிலேயே தங்கினார்கள். ஆக, முந்தி வந்தவர்களுக்கு நிலமில்லை. பிந்தி வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. காலம் செல்லச் செல்ல எந்தக் குடியேறியும் உள்ளூர்க்காரராகிவிடுவார் என்ற எளிய நம்பிக்கை இந்த இடத்திலேயே உடைகிறது.

யார் உள்ளூர்க்காரர் என்ற இதே கேள்வியை, மலைக்குக் கடைசியில் வந்தவர்களான, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரை வைத்துக் கேட்டால் விடை இன்னும் கூர்மையாகிறது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ச் சீட்டின் தொகை தீராமல் அவர் தோட்டம் மாற முடியாது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற இலங்கை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. ஒப்பந்தப் பேச்சில் அந்த மக்களுக்கு இடமே இல்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்று, பல இடங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தேயிலைத் தோட்டக் குளிருக்குப் பழகிய உடலுக்கு மலை பொருந்தும் என்பது ஒரு காரணம். சமவெளியில் கிடைத்த சிறு தொழில் கடனைக் கொண்டு பிழைக்க முடியாமல் போனது மற்றொரு காரணம். இங்கே கிடைத்தது வாட்டில் மரக் காட்டில் பட்டை உரிக்கும் வேலை. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பட்டையை உரித்து, காயவைத்து, கட்டிச் சுமந்து எடை போட வேண்டும். தோல் பதனிடத் தேவையான துவர்ப்புச் சத்து அந்தப் பட்டையிலிருந்து வருகிறது. எடைக்குத்தான் கூலி. ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்து ஆளைச் சேர்ப்பார். பிறகு கூலியில் பிடித்தம். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட நாட்டில், கடனில் கட்டுண்ட குடும்பங்கள் காட்டுக் குடிசைகளில் கிடந்தன. கடலுக்கு அப்பால் பாட்டன் பட்ட கடனும் இந்த மலையில் பேரன் பட்ட கடனும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை என்றே நான் கருதுகிறேன்.

இவர்கள் தமிழர்கள், இந்துக்களும் கிறித்தவர்களும் கலந்தவர்கள், இவர்களில் சிலரின் முன்னோர் புறப்பட்டதே இந்த மலை அடங்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்திலிருந்து. மொழியாலோ இனத்தாலோ இவர்களை அயலார் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் ‘சிலோன்காரர்’ என்ற பெயர் போகவில்லை. காரணம், இவர்கள் கைக்கு நிலம் வரவில்லை என்பதுதான். நீலகிரிக்குப் போன தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ஆனால் அங்கும் கிடைத்தது கூலி வேலைதான், நிலவுடைமை அல்ல.

ஆண்டுக்கணக்கை உரிமையின் அளவுகோலாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே சான்று. பழங்குடிப் பட்டியலில் உள்ள பளியருக்கு அது காலங்கடந்தாவது ஒரு வாசலைத் திறந்தது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலில் இல்லாத வனவாசிகள், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டை உரித்தவர்களின் முன்னோர் 1930இல் இலங்கைத் தோட்ட லயன் குடியிருப்புகளில் இருந்தார்கள். இரு அரசுகள் கையெழுத்திட்டு இடம் மாற்றிய மக்களிடம் தொடர்ந்த வாழிடச் சான்று கேட்பது அநீதி. தாயகம் திரும்பியோருக்கு, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே வீட்டுமனைப் பட்டா வழங்கத் தமிழ்நாடு அரசு தனி ஆணை பிறப்பிக்க வேண்டும். மேல்மலையின் வரலாற்றை எழுதுவோர் குன்னுவர் வரவுக்கு ஒதுக்கும் அதே இடத்தை இவர்கள் வரவுக்கும் ஒதுக்க வேண்டும்.