அரக்கின் பயணமும் பாட்டியின் தையல் மேசையும்

திருப்பூர் வட்டாரத்தில் இன்று தையல் என்றாலே மின்விசையால் ஓடும் இயந்திரங்கள்தாம் நினைவுக்கு வரும். நிமிடத்திற்கு 5,000 தையல் போடவல்லவை அவை. ஆயினும் அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில், வார்ப்பிரும்புக் கால்களும் கால்மிதியும் கொண்ட தையல் மேசை மூலையில் ஒதுங்கி நிற்பதுண்டு. பாட்டி தைத்த மேசையை எறிய யாருக்கும் மனம் வருவதில்லை. அதைப் புதுப்பிக்க முனைவோர்முன் ஒரு கேள்வி எழுகிறது: நிறம் மங்கிய அந்தப் பலகைக்கு எந்த மெருகைப் பூசுவது? சிறிய கேள்விதான், ஆனால் அதனுள் நம் நாட்டின் வரலாறு ஒன்று மறைந்திருக்கிறது.

ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் அந்நிறுவனம் எழுப்பிய பெருந்தொழிற்சாலை 1885 முதல் உலகெங்கும் இயந்திரங்களைக் கப்பலேற்றியது. தவணை முறை விற்பனை அதனை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சென்றது. 1930களில் கல்கத்தாவில் ‘உஷா’ பிறந்தது. இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளே, 1924இல் தையல் இயந்திரத்திற்கு மட்டும் விலக்களித்துப் பேசினார். அன்பினால் பிறந்த கருவி என்பது அவர் கருத்து.

அக்கால மரச்சாமான்களுக்கு மெருகு தந்ததோ நம் நாட்டு அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. பழங்குடி மக்கள் அதைச் சுரண்டி எடுப்பர். பின்பு கழுவி, துணிப்பையிலிட்டு அனலில் உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைப்பதே அவலரக்கு. ஐரோப்பியத் தச்சர்கள் இதைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் படலம் படலமாகத் தேய்த்துப் பளபளப்பேற்றினர். ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்றது இதுவே. இசைத்தட்டுகளுக்கும் அரக்கு தேவைப்பட்ட காலத்தில், 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இங்கிருந்து கப்பலேறிய பிசின், மேனாட்டு மேசையின் மேனியில் மெருகாய் இங்கேயே திரும்பி வந்ததும் உண்டு!

எனவே புதுப்பிக்க விழைவோர் முதலில் பழைய பூச்சு எதுவென்று அறிதல் வேண்டும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் ஒரு துளி இட்டுப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கே. அப்படியானால் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை. அழுக்கைத் துடைத்து, புதிதாய்க் கரைத்த அரக்கைப் பூசினால் பழைய படலத்தோடு அது ஒன்றிவிடும். உப்புத்தாளை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. பல மேசைகளில் மேலே இருப்பது காகிதம்போல் மெல்லிய அழகு மரத்தாள் மட்டுமே. மேசையை அழகாக்கும் ஸ்பிரிட், இயந்திரத்தின் கறுப்பு உடலில் பட்டால் பொன்னிறச் சித்திரங்களையே அழித்துவிடக்கூடும் என்பதையும் மறவாதீர்.

அரக்குக்குக் குறைகள் உண்டு. வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அன்றாடம் ஈரம்படும் மேசையானால் பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பூச்சே தாங்கும். ஆனால் அது கீறல் கண்டால் பெரும்பாலும் முழுவதையும் நீக்கித்தான் மறுபடி பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் எளிது. எனினும் மரத்தைக் கருமையாக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றவும் கூடும். விரித்துக் காயவிட வேண்டும்.

நினைவுக்காகப் பேணும் மேசைக்கு அரக்கே ஏற்றது. அழகு ஒன்றே காரணம் அன்று, அரக்கு திருத்தத்தக்கது. நாளை நம் பேரன் பேத்தியர் நம் வேலையில் பிழை கண்டால், மரத்தைக் காயப்படுத்தாமல் அதை நீக்கித் தம் கையால் மீண்டும் பூசலாம். துணி உரசி உரசித் தேய்ந்த முன்விளிம்பையும் அப்படியே விட்டுவிடலாம். குடும்பத்தின் மானத்தை மறைக்கத் துணி தைத்த ஒரு பெண்ணின் உழைப்பு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. மெருகின் பணி அந்த எழுத்தைக் காப்பது, அழிப்பதன்று.